மூக்கடைப்புக்கு ஊரில் மருத்துவம்: வட சென்னையில் எதை முதலில் செய்வது?

வெளிநாட்டில் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கும் நம்மவர்கள், ஊருக்குப் போகும்போது மூக்கடைப்புக்கு ஒரு வழி பண்ணிவிடலாம் என்று நினைக்கிறார்கள். நினைப்பு சரிதான். தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் மாலை கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், பெரும்பாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடலாம். ஸ்கேனுக்கும் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று வார விடுமுறையில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசை தெரியாமல் வந்தால், கடைசியில் மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

அந்த வரிசை விமானம் ஏறும் முன்பே தொடங்கிவிடுகிறது. அலர்ஜிக்கான தோல் பரிசோதனை (ஸ்கின் பிரிக் டெஸ்ட்) செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் செட்ரிசின், லெவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் தோலில் தடிப்பே எழாது, அலர்ஜி இல்லை என்று பொய்யான முடிவு வரும். மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நிறுத்த வேண்டாம். மாத்திரையை விட்டால் ஒருநாள்கூடத் தாங்காது என்பவர்கள் ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியின்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) பார்த்துக்கொள்ளலாம், அதற்கு எதையும் நிறுத்தத் தேவையில்லை. பிரிக் டெஸ்டில் 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, தடிப்பு எழாத உப்புநீரையும் தடிப்பு எழவேண்டிய ஹிஸ்டமினையும் ஒவ்வொரு புள்ளியாக வைப்பார்கள். உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மி.மீ. பெரிய தடிப்பு வந்தால்தான் பாசிட்டிவ். ஹிஸ்டமின் புள்ளியும் உப்புநீர்ப் புள்ளியும் குறிக்கப்படாத ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். பரிசோதிக்கும் பட்டியலில் தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சை, மகரந்தம் இருந்தால் போதும். நீண்ட உணவுப் பட்டியல் வெறும் மூக்கடைப்புக்குத் தேவையே இல்லை.

டாக்டரிடம் முதல் நாளே கேட்க வேண்டியது, "ஸ்கோப் போட்டுப் பார்ப்பீங்களா சார்?" என்பதைத்தான். டார்ச் அடித்து முன்வாசலை மட்டும் பார்ப்பது போதாது. மரத்துப்போகும் மருந்தும் சுருக்கும் மருந்தும் நனைத்த பஞ்சைச் சுமார் பத்து நிமிடம் மூக்கில் வைத்து, பிறகு 4 மி.மீ. குழாயை உள்ளே விடுவார்கள். வலிக்காது, அழுத்தம் தெரியும். தொண்டையும் கொஞ்சம் மரத்துப்போவதால் ஒரு மணி நேரம் சூடான காபி வேண்டாம். அந்தப் பஞ்சு எடுத்ததும் மூக்கு திறந்துகொண்டதா என்று கவனித்துச் சொல்லுங்கள். திறந்தால் வீக்கம்தான் முக்கியக் காரணம், மருந்துக்கு அடங்க வாய்ப்பு அதிகம். திறக்கவே இல்லையென்றால் தண்டு (மூக்கின் நடுச்சுவர்) வளைவோ பாலிப்போ வழியை மறித்து நிற்கலாம்.

"சதை வளர்ந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் எழுந்து வராதீர்கள். டர்பினேட் வீக்கமா பாலிப்பா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டர்பினேட் எல்லோர் மூக்கிலும் இருக்கும் உறுப்பு. பாலிப் என்பது திராட்சை மாதிரி வெளிறித் தொங்கும் வளர்ச்சி. இரண்டுக்கும் மருத்துவமும் வேறு, திரும்ப வரும் வாய்ப்பும் வேறு. தண்டு வளைவைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. கொஞ்சம் வளைவு பெரும்பாலோருக்கு உண்டு, அது ஒன்றே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது.

சிடி ஸ்கேன் இரண்டாவது கட்டம். சளி பிடித்திருக்கும்போது எடுத்தால் எல்லா சைனஸும் அடைத்ததுபோல் தெரியும். காசும் வீண், வாங்கிய கதிர்வீச்சும் வீண். சில வாரம் ஒழுங்காக மருந்து எடுத்தும் அடைப்பு விடாதபோது எடுப்பதே நல்லது, வழக்கமாகக் கான்ட்ராஸ்ட் (நரம்பில் ஏற்றும் சாய மருந்து) தேவைப்படாது. எக்ஸ்ரே இதற்குப் பெரிதாக உதவாது. பிலிமோடு விடாமல் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள், வெளிநாட்டு டாக்டர் அதைத்தான் பார்ப்பார்.

செலவு யோசிப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, பழைய ஆட்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்களே, அது. வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் ஆட்டோவில் சிறு தூரம். ஓ.பி. காலையில்தான், சீட்டு, வரிசை, ஸ்கோப் என்று அரைநாள் போய்விடும். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கும் கைகள் அவை, பொறுமை இருந்தால் தாராளமாகப் போகலாம்.

மருந்துக்கு வருவோம். மூக்கைக் கழுவுவதைப் பலரும் தவறாகச் செய்கிறார்கள். மெட்ரோ வாட்டரோ, கேன் தண்ணீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ அப்படியே மூக்கில் போகக் கூடாது. எதுவும் கிருமி நீக்கியதல்ல. மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது, கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டு, வெதுவெதுப்பாக ஆறவைத்து, 240 மி.லி.க்குத் தலைதட்டிய அரை டீஸ்பூன் அளவு அயோடின் சேராத உப்பும் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் கலக்குங்கள். சமையலறை உப்பு பெரும்பாலும் அயோடின் உப்பு, அது சிலருக்கு எரிச்சல் தரும். உப்பே போடாத வெறும் தண்ணீரும் எரியும். இதெல்லாம் தொல்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் நார்மல் சலைன் 500 மி.லி. பாட்டிலும் 20 மி.லி. சிரிஞ்சும் வாங்கி, ஊசியை எறிந்துவிட்டுப் பயன்படுத்தலாம். திறந்த பாட்டிலை நாள் கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடாது. சிங்க்கில் குனிந்து, வாயைத் திறந்து மெதுவாகப் பீய்ச்சுங்கள். தலையை அண்ணாந்தால் தண்ணீர் காதுக்குப் போகும்.

கழுவிப் பத்து நிமிடம் கழித்து ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மொமெடசோன் 50 மைக்ரோகிராம், ஃப்ளூட்டிகாசோன் ஃபியூரோயேட் 27.5 மைக்ரோகிராம் ஆகியவை இங்கே எளிதாகக் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஆரம்ப அளவு வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் இரண்டு முறை, தினம் ஒரு வேளை. புது பாட்டிலைக் காற்றில் சில முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில் அடித்தால் நுனி தானாகவே வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். நடுத்தண்டைப் பார்த்து அடித்தால் காய்ந்து ரத்தம் வரும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குத்தான் போகும். பலன் தெரிய இரண்டு வாரம் ஆகலாம், மூன்றாம் நாளே விட்டுவிடாதீர்கள்.

"அண்ணே, மூக்குல விடற மருந்து குடுங்க" என்றால் கைக்கு வருவது ஜைலோமெட்டசோலின் அல்லது ஆக்ஸிமெட்டசோலின். உடனே திறக்கும், அதுதான் ஆபத்து. மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போனால் சுருங்கிய ரத்தக்குழாய்கள் முன்னைவிட அதிகம் வீங்கும், சொட்டு இல்லாமல் தூங்க முடியாது. பழகிவிட்டவர்கள் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்கி, முதலில் ஒரு பக்கம் மட்டும் சொட்டை நிறுத்துங்கள். அந்தப் பக்கம் திறந்த பிறகு மறுபக்கம். மென்தால் தைலங்கள் காற்று போவதுபோன்ற குளிர்ச்சியைத்தான் தருகின்றன, வீக்கம் குறைவதில்லை. ஆவி பிடிப்பது கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கம் வைக்காதீர்கள்.

வட சென்னையில் எண்ணூர், மணலித் தொழிற்சாலைப் புகையும், எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் உண்டு. ஜனவரியில் வந்தால் போகிப் புகை வேறு. ஆனால் பூட்டிக்கிடந்த வீட்டின் பழைய இலவம்பஞ்சு மெத்தையும் மழைக்குப் பூஞ்சை பூத்த சுவரும் அதைவிடக் கெடுதல் செய்யலாம். வருவதற்கு முன் மெத்தையை மாற்றச் சொல்லுங்கள், உறைகளைச் சூடான நீரில் (60 டிகிரி) துவைக்கச் சொல்லுங்கள், ஏசி பில்டரைக் கழுவி வைக்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிவானால் முதல் வாரத்தில் செய்யுங்கள், அல்லது அடுத்த பயணத்துக்கு விட்டுவிடுங்கள். எண்டோஸ்கோபி சைனஸ் அறுவைக்குப் பின் உள்ளே பொருக்கு கட்டும். அதைச் சில முறை டாக்டரே சுத்தம் செய்யாவிட்டால் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பு திரும்பும். தண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் விமானம் தவிர்க்கத்தான் பொதுவாகச் சொல்வார்கள். பேக்கேஜ் விலை கேட்கும்போது மைக்ரோடிப்ரைடர் (சதையை வெட்டி உறிஞ்சும் கருவி) பிளேடும் ரத்தம் நிற்க மூக்கில் அடைத்து வைக்கும் பேக்கும் அதற்குள் அடக்கமா என்று கேளுங்கள், பில் பெரும்பாலும் அங்கேதான் ஏறும்.

ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, அந்தப் பக்கமே ரத்தம் அல்லது நாற்றம், கண் வீக்கம், பார்வை மங்கல், சர்க்கரை நோயாளிக்கு மூக்கில் கறுப்புப் பொருக்கு, குனிந்தால் ஒரு பக்கம் தண்ணீராக ஒழுகுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன வரிசை எதுவும் பொருந்தாது. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள்.