மூழ்கும் தீவில் ஒரு விமான நிலையம்: கன்சாய், நீண்டகாலப் பயணியின் அனுபவம்

ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து போக வர எனக்கு ஒசாகாவின் கன்சாய் விமான நிலையம்தான். "கடல்ல மண்ணைக் கொட்டிக் கட்டினதாமே, மூழ்கிட்டே இருக்காமே, பயமா இல்லையா?" என்று கேட்காதவர்கள் இல்லை. மூழ்குவது உண்மைதான். ஆனாலும் நான் அதிகம் நம்புகிற விமான நிலையம் இதுதான்.

1994 செப்டம்பரில் திறந்தார்கள். அந்த இடத்தில் கடல் சுமார் 18 மீட்டர் ஆழம், அடியில் கனத்த களிமண். மேலே ஏற்றிய பாரத்தில் களிமண்ணின் நீர் பிதுங்கி வெளியேற, தரை இறங்குகிறது. கட்டுமானம் தொடங்கியதிலிருந்து, 1994இல் திறந்த முதல் தீவு சராசரியாக 13 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. திறந்த புதிதில் ஆண்டுக்கு 50 செ.மீ. இருந்த வேகம் இப்போது 6 செ.மீ. அளவுக்குக் குறைந்திருக்கிறது. எல்லா இடமும் ஒரே அளவில் இறங்காது என்பதுதான் சிக்கல். அதனால் முனையத்தின் தூண்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்புத் தகடு சொருகுகிறார்கள். ரென்சோ பியானோ வடிவமைத்த அந்த 1.7 கி.மீ. கட்டடத்தில் தள்ளுவண்டியை உருட்டிப்போனால் ஒரு மேடு பள்ளம் தட்டாது. பராமரிப்பு என்றால் இது!

பெட்டி வரும் பெல்ட்டையும் கவனியுங்கள். கைப்பிடி நம் பக்கம் இருக்கும்படி ஊழியர்கள் திருப்பி வைத்திருப்பார்கள். குனிந்து புரட்டாமல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வயதானவர்களுடன் வரும்போது இதன் அருமை தெரியும்.

பலவீனம் பாலம்தான். கரையோடு இணைப்பது 3.75 கி.மீ. நீளமுள்ள ஒரே பாலம்; மேலே வாகனங்கள், கீழே ரயில். 2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி சூறாவளியில் எண்ணெய்க் கப்பல் ஒன்று அதில் மோதியது, ஓடுபாதையிலும் கடல்நீர் ஏறியது. சுமார் 8,000 பேர் தீவிலேயே மாட்டிக்கொண்டார்கள். பிறகு கடல் சுவரையும் ஓடுபாதையையும் உயர்த்தியிருக்கிறார்கள், நல்ல வேலை. ஆனாலும் பலத்த காற்றடித்தால் பாலத்தில் ரயில் நின்றுவிடும். சூறாவளி மாதங்களில் வானிலையைப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

குடியிருப்புகளுக்குத் தொல்லை இல்லாததால் 24 மணி நேரமும் விமானங்கள் இறங்கும்; நள்ளிரவுக்குப் பிறகு ரயில்தான் கிடையாது. இரண்டாம் முனையத்துக்கும் ரயில் போகாது. மலிவுக் கட்டண விமானத்தில் போகிறவர்கள் ரயில் நிலையத்தில் இறங்கி இலவசப் பேருந்து பிடிக்க வேண்டும், அதற்கு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.