8.5-ஆ, 5.5-ஆ: இரண்டு வருடம் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்

போன வாரம், ரிமோட் கண்ட்ரோல் கார் ஓட்டும் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, ஷார்ட் கோர்ஸ் டிரக்குக்கு பிரஷ்லெஸ் மோட்டார் மாத்தணும். 8.5 டர்ன் போடவா, 5.5 போடவா? ஸ்டாரா டெல்டாவான்னு வேற ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க." நான் "8.5" என்று மட்டும் பதில் போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். (டர்ன் என்பது மோட்டாருக்குள் இருக்கும் சுருளில் கம்பி எத்தனை சுற்று என்பது. மூன்று சுருளின் முனைகளை ஒரே புள்ளியில் முடிந்தால் ஸ்டார், முக்கோணமாகக் கோத்தால் டெல்டா.) அந்த நேரம் என் மேஜையில் 5.5 மோட்டார் கழற்றிப்போட்டபடி கிடந்தது. மோட்டாருக்குக் கரன்ட் கொண்டுபோகும் மூன்று ஃபேஸ் வயரில் ஒன்றான பி, அதைப் பற்றவைக்கும் டேபை (மோட்டாரின் உலோக நாக்கு) விட்டுப் பிய்ந்து வந்திருந்தது. அந்த நிலைமையில் யார் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். இப்போது கோபம் தணிந்துவிட்டது, அதனால் முழுப் பதில்.

என்னுடையது பத்தில் ஒரு பங்கு அளவு வண்டி. பின்சக்கர டிரைவ், இரண்டு செல் லிப்போ பேட்டரி, சென்சார் உள்ள 540 அளவு மோட்டார், 48 பிட்ச் கியர் (ஓர் அங்குல விட்டத்துக்கு 48 பல்), சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் 78 பல். முதல் பதினொரு மாதம் 8.5. அதற்குப் பிறகு இன்றுவரை 5.5. இரண்டும் ஒரே மாடல் மோட்டார். வெளிக்கூடு, ரோட்டார் (உள்ளே சுழலும் காந்தத் தண்டு), பேரிங் எல்லாம் ஒன்றே. சுற்று எண்ணிக்கை மட்டும்தான் வேறு. அதனால் இந்த ஒப்பீட்டில் கொஞ்சமாவது நேர்மை இருக்கிறது.

8.5-ஐப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. 20 பல் பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) போட்டேன், ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி டெம்பரேச்சர் கன் பிடித்தால் 62 டிகிரி. அடுத்த வாரமும் 62. வெயில் நாளில் 66. சென்சார் வயர் ஒரு தடவை கிள்ளுப்பட்டுப் போனது, மாற்றினேன். அவ்வளவுதான். திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது த்ராட்டிலை எவ்வளவு தொட்டாலும் அவ்வளவுக்கு மட்டும் பதில் சொல்லும். நின்ற இடத்திலிருந்து திக்காமல் கிளம்பும். இதற்குக் காரணம் வைண்டிங் (சுருள்) இல்லை, ரோட்டாரின் நிலையைச் சொல்லும் சென்சார். சென்சார் இல்லாத மோட்டாரில் ரோட்டார் எங்கே நிற்கிறது என்பதை அது சுழலும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை வைத்துத்தான் ஸ்பீடு கன்ட்ரோலர் கண்டுபிடிக்கும். நிற்கிற ரோட்டாரில் அது ஏது? அதனால்தான் கிளம்பும்போது திணறுகிறது. இதை டர்ன் தலையில் கட்டிப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, அப்படி இருந்ததை ஏன் மாற்றினேன்? நேரோட்டத்தில் என்னை ஒருவர் கடந்து போய்க்கொண்டே இருந்தார். வேறு காரணம் எதுவும் இல்லை.

5.5 வந்தது. கேவி எண் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) 8.5-இல் 4,000-ஐ ஒட்டி, இதில் 6,000-ஐ ஒட்டி. முதல் ஓட்டத்தில் வாயெல்லாம் பல். இரண்டாவது ஓட்டத்தில் 91 டிகிரி. விரலை வைத்தால் ஒரு வினாடிகூடத் தாங்கவில்லை. வார்னிஷ் வாடை வேறு. பொதுவாகக் கேஸின் மேல் 70, 75-ஐத் தாண்டினால் நிறுத்திவிடுவது நல்லது, உள்ளே சுருள் அதைவிடச் சூடாக இருக்கும். அன்றைக்கு நானும் எல்லாரையும் போல "5.5-னா சூடாகத்தான் செய்யும்" என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு தப்பு. அது தப்பு என்று தெரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

கணக்கைப் பாருங்கள். ஸ்டேட்டரின் (சுருள் சுற்றியிருக்கும் அசையாத பகுதி) பள்ளத்தில் அடைக்கக்கூடிய தாமிரத்தின் அளவு மாறாது. சுற்றைக் குறைத்தால் கம்பி தடிமனாகும், நீளமும் குறையும். அதனால் மின்தடை சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் இறங்கும். 8.5-ஐ 5.5-ஆல் வகுத்தால் 1.55, அதன் வர்க்கம் 2.4. அதே முறுக்குவிசைக்கு 5.5 கேட்கும் ஆம்பியர் 1.55 மடங்கு. வெப்பமோ ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும், அதுவும் 2.4 மடங்கு. ஏறியதும் இறங்கியதும் நேராகிவிடுகிறது. அதாவது ஒரே முறுக்குவிசைக்கு இரண்டு சுருளும் ஒரே அளவுதான் சூடாகும். "குறைந்த டர்னில் இழுவை இல்லை", "அதிக டர்ன்தான் டார்க்" என்பதெல்லாம் ஒரே பினியனை மாட்டிவிட்டு இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் சொல்வது. வைண்டிங்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் உண்மையில் தேர்ந்தெடுப்பது கியரைத்தான்.

8.5-க்கு 20 பல் என்றால் 5.5-க்கு அதை 1.55-ஆல் வகுக்க வேண்டும்: 13 பல். இங்கேதான் என் ஒரு வருட எரிச்சல் உட்கார்ந்திருக்கிறது. என் வண்டியின் மோட்டார் பிளேட்டில் ஸ்க்ரூ நகரும் நீள்துளை 16 பல்லோடு முடிந்துவிடும். 15 போட்டாலே பினியன் ஸ்பரைத் தொடாது. டிரக்குக்கு டிரக் இது மாறும். இதையெல்லாம் மோட்டார் டப்பாவில் யாரும் அச்சடிப்பதில்லை. வண்டியின் கையேட்டிலோ சிபாரிசு அட்டவணை 17-க்குக் கீழே இறங்கவே இல்லை. பெரிய ஸ்பர் போடலாம் என்றால் கியர் கவரில் உரசுகிறது. அப்படித்தான் 16-ஐ மாட்டிக்கொண்டு ஓட்டினேன்.

16 போட்டால் என்ன ஆகும்? உச்ச வேகம் 8.5-இல் இருந்ததைவிட 1.24 மடங்கு. காற்றைக் கிழிக்கத் தேவையான பவர் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், ஆக கிட்டத்தட்ட 1.9 மடங்கு. ஷார்ட் கோர்ஸ் டிரக்கின் பாடி குடை விரித்தது போல இருக்கும், அது வேறு. அந்தப் பவர் எல்லாம் எங்கிருந்து வரும்? மோட்டாரைத் திட்டினேன், கொடுத்த வேகத்தையெல்லாம் அள்ளிக்கொண்டது த்ராட்டில் விசையில் இருந்த என் ஆள்காட்டி விரல்தான்.

ஃபேஸ் வயர் பிய்ந்த கதையும் இதிலேயே அடங்கும். சுருளுக்குள் கணக்கு நேராகிவிடும், ஆனால் வெளியே நேராகாது. ஸ்பீடு கன்ட்ரோலருக்கும் மூன்று ஃபேஸ் வயருக்கும் சால்டருக்கும் தடை குறையவில்லை, ஆம்பியர் மட்டும் கூடிவிட்டது. ஒரு நாள் மேட்டில் தாவி இறங்கிய இடத்தில் வண்டி நின்றுவிட்டது. த்ராட்டிலைத் தொட்டால் நகராமல் மோட்டார் மட்டும் ஜன்னி கண்டது போல் நடுங்கியது. மூன்றில் ஒரு ஃபேஸ் போனால் இப்படித்தான். கழற்றிப் பார்த்தால் டேபில் சால்டர் சாம்பல் நிறத்தில், புட்டு மாதிரி உதிரியாக இருந்தது. 12 கேஜ் தடிமன் வயரைச் சின்ன சால்டரிங் அயர்னால் பற்றவைத்தது நான்தான். டேப் சூடேறாமலே ஈயத்தை மேலே ஊற்றியிருக்கிறேன். 8.5-இல் இதே லட்சணத்தில் பற்றவைத்தது பதினொரு மாதம் தாங்கியது. 5.5 என் வேலையின் லட்சணத்தை வெளியே கொண்டுவந்துவிட்டது. அதற்காக அதன் மேல் கோபப்படுவது நியாயமில்லை என்று தெரியும். பட்டேன்.

இதற்கு முன்னால் ஒரு ரோட்டாரையும் இழந்திருக்கிறேன். அந்தக் கதை வேடிக்கையானது. நாலைந்து தடவை 90-ஐத் தாண்டிய பிறகு ஒரு நாள் வண்டி திடீரென்று வேகமாகிவிட்டது. கையில் தூக்கிவைத்து முறுக்கினால் சத்தமே ஒரு ஸ்தாயி மேலே. செட்டிங் கைகூடிவிட்டது என்று குதூகலித்தேன். உண்மையில் காந்தம் செத்துக்கொண்டிருந்தது. ரோட்டாரில் இருப்பது நியோடிமியம் காந்தம். சூட்டில் வலுவிழந்தால் எதிர் மின்னழுத்தம் குறையும், கேவி ஏறும். இழுவை குறையும், அதைச் சரிக்கட்ட ஆம்பியர் ஏறும், இன்னும் சூடு. அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரிகிற கதைதான். ஒன்றும் மாற்றாமல் உங்கள் மோட்டார் ஒரு நாள் வேகமாக ஓடினால் சந்தோஷப்படாதீர்கள்.

தம்பி கேட்ட ஸ்டார், டெல்டா பஞ்சாயத்தையும் முடித்துவிடுகிறேன். "ஸ்டார்னா இழுவை, டெல்டானா வேகம்" என்பது பாதி உண்மை. ஒரே சுருளை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றிக் கட்டினால் கேவி 1.73 மடங்கு ஏறும், ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை அதே அளவுக்கு இறங்கும். பெரிய மூன்று ஃபேஸ் மோட்டாரை ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் கிளப்பியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் நீங்கள் கடையில் வாங்கும்போது ஒரே சுருளையா ஒப்பிடுகிறீர்கள்? ஒரே கேவி உள்ள இரண்டு மோட்டாரைத்தானே? டெல்டாவில் 1.73 மடங்கு சுற்று போட்டு அதே கேவிக்குக் கொண்டுவந்தால் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மிச்ச வித்தியாசம் ஒன்று: டெல்டா மூடிய வளையம் என்பதால் மூன்றாம் ஹார்மானிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் எழும் உபரி மின்னோட்டம்) அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடி வீணாகச் சூடேற்றலாம். ஸ்டாரில் அதற்கு வழி இல்லை. 13.5, 17.5 என்று டர்ன் குறித்து நடக்கும் போட்டிகளில் ஸ்டார்தான் விதி, அங்கே யோசிக்கவே வேண்டாம். (அந்த அரைச் சுற்று என்ன என்று கேட்பவர்களுக்கு: கம்பி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுகிறது, அதுதான்.)

5.5-ஐ இவ்வளவு திட்டியாயிற்று. ஆனால் மேட்டில் தாவும்போது அது செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது. டிரக் காற்றில் இருக்கும்போது பாடி காற்றைப் பிடித்து மூக்கு மேலே தூக்கும். பிரேக்கை ஒரு தட்டு தட்டினால் சக்கரத்தின் சுழற்சி வண்டிக்கு இறங்கி மூக்கு தாழும். த்ராட்டில் தந்தால் எழும்பும். 8.5-இல் இதைக் கொஞ்சம் முன்கூட்டியே யோசித்துச் செய்ய வேண்டும். 5.5-இல் நினைத்தவுடன் நடக்கிறது. மேட்டின் உச்சியில் கோணலாகக் கிளம்பிய வண்டியை அந்தரத்தில் ஒரு தட்டில் நிமிர்த்தி நாலு சக்கரத்திலும் இறக்கிய அன்று, 91 டிகிரியெல்லாம் மறந்துவிட்டது.

அப்புறம் முந்தாநாள், சால்டரைப் புதிதாகப் போட்டுவிட்டு மோட்டார் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா கணக்குப் போட்டேன். 16 பல்லிலிருந்து 13-க்கு இறங்க மோட்டார் ஸ்பரை நோக்கி எவ்வளவு நகர வேண்டும்? 48 பிட்சில் மூன்று பல்லின் பாதி: 0.8 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! ஒரு ரோட்டாரையும் ஒரு வருடத்தின் நிம்மதியையும் இதற்காகத் தொலைத்திருக்கிறேன். அலுமினியத் தகடுதான், உருண்டை அரத்தை எடுத்து நீள்துளை இரண்டையும் இருபது நிமிடம் ராவினேன். 13 பல் பினியன் உட்கார்ந்தது. சத்தம் கொஞ்சம் அதிகம்தான், இந்தச் சின்னப் பினியன் சீக்கிரம் தேயவும் செய்யும். ரோட்டார் நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்றுக்கு மேல் போவதால் பேரிங் ஆயுளும் குறையும். ஏற்கெனவே இரண்டு செட் மாற்றியிருக்கிறேன். ஆனால் ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு 68 டிகிரி.

உச்ச வேகம்? கிட்டத்தட்ட 8.5-இல் இருந்த அதே வேகம். நேரோட்டத்தில் அந்த மனிதர் மறுபடியும் என்னைக் கடந்து போகிறார்.

ஆகையால் தம்பி, என் பதில் மாறவில்லை: 8.5 ஸ்டார் வாங்கு. வாங்குவதற்கு முன்னால் உன் வண்டியில் எத்தனை பல் பினியன் முதல் எத்தனை பல் வரை உட்காரும் என்று மட்டும் பார்த்துக்கொள். என் வண்டியில் இருப்பது 5.5, ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் ஓடும். பழைய 8.5 டப்பாவோடு பத்திரமாக இருக்கிறது. அதைக் கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்காதே.