கீழக்கரையில் ஐ.என்.ஆர். பரிசோதனையும் மாத்திரையும் ஒரே இடத்தில்: எங்கள் அனுபவம்

எங்கள் வாப்பாவுக்கு 2019-இல் மதுரையில் அறுவை சிகிச்சை செய்து, இதயத்தில் பழுதான மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள். அன்று முதல் ரத்தம் உறையாமல் காக்கும் அசெனோகூமரால் மாத்திரையை ஒவ்வோர் இரவும் சாப்பிட்டு வருகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடக்கூடும், கூடினால் உடலுக்குள்ளேயே ரத்தம் கசியக்கூடும். மாதந்தோறும் அந்த அளவைப் பார்க்க நாங்கள் போவது பழைய ஜும்மா பள்ளிக்குப் போகும் வழியில் உள்ள சிறிய மருந்துக் கடைக்கும், அதை ஒட்டிய பரிசோதனைக் கூடத்துக்கும். விளம்பரம் வேண்டாமென உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை.

முன்பு வேறொரு கடையில்தான் மருந்து வாங்கி வந்தோம். ஒருமுறை வாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் மெட்ரோனிடசோல் எடுத்துக் கொடுத்தார்கள். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை உடல் சிதைத்து வெளியேற்றும் வேகத்தை அது குறைத்துவிடும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் பல் துலக்கியபோது ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை, பரிசோதித்தால் ஐ.என்.ஆர். 6.8. அந்த இரவை இன்றைக்கும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடையில் வாப்பாவின் மருந்து நோட்டைப் பார்க்காமல் எந்த மாத்திரையும் தருவதில்லை. கடைசியாகப் போனபோது மூட்டுவலிக்கு வாப்பா டைக்ளோபினாக் கேட்டார். மருந்தாளுநரான பெண் நோட்டைப் புரட்டிவிட்டு, "மாமா, உங்களுக்கு இது ஆகாது, வயித்துல ரத்தக் கசிவு வந்துரும். டாக்டர்கிட்ட கேட்டுட்டு வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லி அட்டையைத் திருப்பி வைத்துவிட்டார். விற்பனை போனாலும் பரவாயில்லை என்று நினைக்கும் அந்த மனத்துக்காகவே இதை எழுதுகிறேன். முருங்கைக்கீரையை அடியோடு விட்டுவிடும்படி பலரும் சொன்னபோது, விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று தெளிவாக விளக்கியவரும் அவர்தான். நோன்பு மாதத்தில் மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகு ஒரே நேரத்தில் சாப்பிடவும், ஒரு வேளை மறந்து மறுநாள் நினைவு வந்தால் இரட்டிப்பாகச் சாப்பிடாமல் நோட்டில் குறித்துவைக்கவும் அவர் சொன்னபடியே நடந்து வருகிறோம். ஏர்வாடியிலிருந்து வரும் மீனவர் ஒருவர் ரத்தம் உறையாமைக்கான இன்னொரு மருந்தான ரிவரோக்சபான் 20 மி.கி. சாப்பிடுகிறார். அது வெறும் வயிற்றில் சரியாகச் சேராது என்பதால், படகில் கொண்டுபோகும் சோற்றுப் பொட்டலத்தோடு மாத்திரையையும் வைத்துக் கட்டும்படி அவருடைய மனைவியிடம் சொல்லி அனுப்பியதை நானே பார்த்தேன்.

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர் நீல மூடி போட்ட குழாயைக் கோடு வரைக்கும் நிரப்புகிறார். குறைந்தால், குழாய்க்குள் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் சிட்ரேட் கூடுதலாகி அளவு தவறாகக் காட்டும் என்பதால் அரைகுறையாக எடுத்ததை அனுப்புவதே இல்லை. ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துத் தேய்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். வாப்பாவின் கையில் இப்போதெல்லாம் கன்றிப்போன தடமே இருப்பதில்லை.

குறைகளும் உண்டு. கருவி இங்கே இல்லாததால் ரத்தம் ராமநாதபுரம் போய்த்தான் முடிவு வருகிறது. மாலை ஏழு மணி ஆகிவிடும். வாப்பா மாத்திரை சாப்பிடுவது ஒன்பது மணிக்கு என்பதால், மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு அன்றே அளவை மாற்ற முடிகிறது. காலையில் சாப்பிடுபவர்களுக்கு ஒரு நாள் தாமதமாகும். இன்னொன்று, எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு, ரத்தம் உறையாமைக்கான டாபிகாட்ரான் மாத்திரைகளைக் காகித உறையில் கொட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த மருந்து ஈரத்தில் கெட்டுவிடும். கடற்காற்று வீசும் நம் ஊரில் அதை வந்த அட்டையிலோ குப்பியிலோதான் வைக்க வேண்டும். சொன்னவுடன் மாற்றிக் கொடுத்தார்கள்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள், ராமநாதபுரம் போகும் வண்டி பதினோரு மணிக்குக் கிளம்பிவிடும். நோட்டோடு, அந்த வாரம் சாப்பிட்ட மற்ற எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.