கொரியத் தாமரை விளக்குப் பெட்டி: இதழைவிட அடித்தாளைப் பாருங்கள்

சந்திர நாட்காட்டியின் நான்காம் மாதம் எட்டாம் நாள் கொரியாவில் புத்தர் பிறந்தநாள். அதையொட்டி நடக்கும் யொன்டுங்ஹோ விளக்குத் திருவிழாவை 2020இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சியோலின் ஜோக்யேசா கோயில் பக்கத்துப் பௌத்தப் பொருள் கடைகளில், தாமரை விளக்கை நாமே செய்வதற்கான பெட்டி கிடைக்கும். உள்ளே எண்முகக் கம்பிக்கூடு, வெள்ளைத் தாள், சுருக்கம் வைத்த இளஞ்சிவப்பு இதழ்கள், பச்சை இலைகள் இருக்கும். முன்பு கூட்டை மூங்கிலில் கட்டினார்கள். இப்போது பெரும்பாலும் கம்பிதான்.

வாங்குபவர் கண் இதழ் நிறத்தில்தான் போய் நிற்கும். ஆனால் விளக்கை ஏற்றியதும் அழகைத் தீர்மானிப்பது அடியில் ஒட்டும் வெள்ளைத் தாள். அது கொரியாவின் பாரம்பரியத் தாளான அசல் ஹான்ஜியாக இருக்க வேண்டும். ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். ஹான்ஜி காகித மல்பெரிப் பட்டையில் செய்வது என்பதால், கிழிந்த இடத்தில் நீள நீளமாக நார் நீட்டி நிற்கும். மரக்கூழ்த் தாளில் அப்படி நிற்காது. இலங்கையில் வெசாக் (புத்த பூர்ணிமை) விளக்குக் கூட்டுக்கு டிஷ்யூ தாள் ஒட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்: டிஷ்யூவில் தண்ணீர் பட்டால் வேலை கெட்டது, ஹான்ஜியில் தண்ணீர் தெளித்தால்தான் வேலை முடியும்.

கூட்டின் ஒவ்வொரு முகத்தையும்விட எல்லாப் பக்கமும் 1 செ.மீ. கூடுதலாகத் தாளை வெட்டுங்கள். கம்பியில் மட்டும் பசை தடவி, ஓரத்தை மடித்து ஒட்டுங்கள். பசை காய்ந்தபின் தண்ணீரைப் பனிபோல் தெளித்து நிழலில் தொங்கவிட்டால், உலரும்போது தாள் சுருங்கி விறைப்பாகும். அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். ஒரு பக்கம் முந்திக் காய்ந்து இழுக்கும், மெல்லிய கம்பிக்கூடு கோணிவிடும். பூச்சில்லாத இரும்புக் கம்பி வந்திருந்தால் ஈரப்பசையில் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக்கோடு விழும். துத்தநாகமோ வெள்ளைப் பெயின்ட்டோ பூசியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இதழ் நுனியை விரலில் துளி பசை தொட்டு முறுக்க வேண்டும், துளிதான். பசை கூடினால் சாயம் கசியும், விளக்கேற்றும்போது அங்கே கருந்திட்டாகத் தெரியும். மேல் வரிசையில் தொடங்கி, நுனி மேலே பார்க்க, இதழின் அடிப்பகுதியை மட்டும் ஒட்டுங்கள். அடுத்த வரிசை முந்தையதன் அடியை மறைக்க வேண்டும், இரண்டு இதழுக்கு நடுவில் ஒன்றாக வர வேண்டும். கீழிருந்து தொடங்கினால் ஒட்டிய தடமெல்லாம் வெளியே தெரியும். பச்சை இலை கடைசியில், நுனி கீழ்நோக்கி.

பசைக்கு வெள்ளைப் ஃபெவிகால் வகை வேண்டாம், காய்ந்தபின் பளபளக்கும். மைதாப் பசையை நீர்க்கக் காய்ச்சிக்கொள்ளுங்கள். பல்பு எல்இடிதான், 3 வாட் போதும், கூட்டின் நடுவில் தொங்கட்டும். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம்.

மழை படும் இடத்துக்கு இந்த விளக்கு ஆகாது. அதற்குப் பிளாஸ்டிக் பூச்சு போட்டவை தனியாக விற்கின்றன, ஒளியில் இந்த மென்மை இருக்காது. வெள்ளை இதழ் வாங்குமுன் யோசியுங்கள்: கொரியக் கோயில்களில் வெள்ளை விளக்கு இறந்தவர்களுக்காகத் தொங்குவது.

இதழ்கள் வெயிலில் வெளிறும். மைதாப் பசையில் ஒட்டியிருந்தால் ஈரத்துணி வைத்து இளக்கி எடுத்துவிடலாம். இதழ்கள் கட்டாகத் தனியே கிடைக்கின்றன, அதே கூட்டில் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.