பென் கிரிம்முக்கு எந்தப் படம் நியாயம் செய்தது?

விண்கதிர் பட்டு விசித்திர சக்தி பெற்ற நால்வரின் கதை, மார்வெல் காமிக்ஸின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்'. அதன் படங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், கதையைப் புதிதாகத் தொடங்கி 2015-இல் வந்த ரீபூட்டைத்தான் எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள். நானும் அங்கேதான் வைக்கிறேன். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பலவும் எனக்கு ஒப்பவில்லை. படம் இருட்டாக இருக்கிறதாம், சண்டை குறைவாம். இருக்கட்டுமே, அதிலென்ன குற்றம்? நால்வரில் உடம்பு கல்லாகிப்போன பென் கிரிம்மை அந்தப் படம் நடுவழியில் விட்டுவிட்டது. என் ஆதங்கம் அதுதான். 2005-இல் வந்த படத்தில் அசட்டுத்தனம் நிறையவே உண்டு. ஆனாலும் அது அவன் கையை விடவில்லை.

மொரீசியஸில் எங்கள் வீட்டுக்கு மார்வெல் நாயகர்கள் பிரெஞ்சு வழியாகத்தான் வந்தார்கள். லியோன் நகரத்து லுக் பதிப்பகம் 1969-இல் 'ஃபான்டாஸ்க்' என்ற இதழில் இந்த நால்வரையும் வெளியிட்டது. பிள்ளைகளுக்கு ஆகாது என்று பிரான்சின் தணிக்கைக் குழு நெருக்கவே, 7 இதழோடு அது நின்றுபோனது. 1970-இல் 'ஸ்ட்ரேஞ்ச்' இதழும், பிறகு இந்த நால்வருக்கான தனி ஆல்பங்களும் வந்தன. ரோஸ்ஹில்லில் என் தாய்மாமா அவற்றைப் பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி வாங்கி, அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்த அந்தத் தாள்களில்தான் பென்னை முதலில் பார்த்தேன். மழையில் நனைந்தபடி தெருவில் தனியாக நிற்கிறான். பக்கம் முழுவதும் அந்த ஒரே படம். அமெரிக்காவில் 1966-இல் வந்த 51-ஆம் இதழின் முதல் பக்கம் அது. ஸ்டான் லீ எழுதியது, ஜாக் கிர்பி வரைந்தது.

அந்த இதழில் பென் மறுபடி மனிதனாகிறான். கண் தெரியாத சிற்பி அலிசியாவைப் பார்க்க ஓடுகிறான். அவள் வீட்டு வாசலிலேயே உடம்பு திரும்பக் கல்லாகிவிடுகிறது. கதவு திறக்குமுன் திரும்பிப் போய்விடுகிறான். மற்ற மூவரில் ஜானி தன் உடம்பின் நெருப்பை அணைத்துக்கொள்ளலாம், அவன் அக்கா ஸூ மறைந்த மாதிரியே திரும்பித் தெரியலாம், ரீட் நீட்டிய கையைச் சுருக்கிக்கொள்ளலாம். பென்னுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. அதைவிடக் கொடுமை, 1961-இல் வந்த முதல் இதழிலேயே விண்கதிர் ஆபத்து என்று எச்சரித்தவனும் அவன்தான். நீ கோழையா என்று ஸூ கேட்ட பிறகே விண்கலம் ஓட்டப் போகிறான். கூட வந்தவர்களின் அவசரத்துக்கு ஆயுள் முழுக்க விலை கொடுப்பவன் அவன். அதற்குப் பிறகும் அதே வீட்டில், அதே மேசையில் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிடுகிறான். இந்தக் கதையின் உயிர் அங்கே இருக்கிறது.

டிம் ஸ்டோரி இயக்கிய 2005 படத்தில் வில்லன் டாக்டர் டூம் வெறும் கோடீஸ்வர வியாபாரி. லாட்வேரியா என்ற கற்பனை நாட்டின் அரசன், மந்திரவாதி, தாயை இழந்த பிள்ளை என்று காமிக்ஸில் அவனுக்கிருந்த ஆழம் எதுவும் இல்லை. ஸூவை உடை இல்லாமல் நிற்கவைத்துச் சிரிப்பு மூட்டும் காட்சி இன்றைக்குப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் புரூக்ளின் பாலத்துக் காட்சியைப் பாருங்கள். ஆற்றில் விழவிருந்த தீயணைப்பு வண்டியை பென் இழுத்து நிறுத்துகிறான். கூட்டம் கை தட்டுகிறது. அவனுக்கு நிச்சயமான பெண் அங்கே வருகிறாள், அவனைப் பார்க்கிறாள், மோதிரத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பென் குனிந்து அதை எடுக்கப் பார்க்கிறான். தடித்த கல்விரல்களில் மோதிரம் சிக்கவே இல்லை. ரீட் வந்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைக்கிறான். கிர்பி பக்கம் பக்கமாக வரைந்த துயரம் அந்தச் சில நொடிகளில் வந்துவிடுகிறது. மைக்கேல் சிக்லிஸ் கனமான ரப்பர் உடைக்குள் இருந்துதான் நடித்தார். அந்த உடையைக் கேலி செய்யாதவர் குறைவு. ஆனால் அதற்குள்ளிருந்து தெரியும் கண்கள் ஒரு மனிதனின் கண்கள். அலிசியாவையும் இந்தப் படம் மறக்கவில்லை.

ஜோஷ் டிராங்கின் 2015 படத்தை நான் ஆசையோடு பார்க்கப் போனேன். நால்வரின் கதையை இளவயதில் தொடங்கிய 'அல்டிமேட்' காமிக்ஸைப் பின்பற்றியது அது. எனக்குப் பிடித்த தொடர். முதல் பாதி வீண்போகவும் இல்லை. சிறுவன் ரீட் பொருளை மறையவைக்கும் கருவியைச் செய்ய, பென் கூடவே நிற்கிறான். வளர்ந்த பிறகு ஓர் இரவில் ரீட் கூப்பிடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக பென் வேறொரு உலகத்துக்குக் கிளம்புகிறான். திரும்பி வந்ததும் இடிபாட்டுக்கு அடியிலிருந்து, கல்லாகிப்போன உடம்போடு ரீட்டின் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். அந்தக் கதறலை 2005 படம் எட்டக்கூட இல்லை. பிறகு, உன்னைச் சரிசெய்வேன் என்று சொல்லிவிட்டு ரீட் தப்பி ஓடுகிறான்.

அடுத்து திரையில் எழுத்து வருகிறது: ஓராண்டுக்குப் பிறகு.

அந்த ஓராண்டுதானே கதை? நண்பன் ஓடிப்போன முதல் இரவு பென் என்ன நினைத்தான்? குணமாக்குகிறோம் என்று ஆசை காட்டி ராணுவம் அவனைச் சண்டைக்கு அனுப்பியபோது எப்போது மனம் மரத்துப்போனான்? ஒன்றும் இல்லை. காவடி முடிந்து வாழை இலையில் ஏழு கறியும் வைத்துவிட்டுச் சோறு போட மறந்ததுபோல் இருந்தது எனக்கு. ரீட்டை மறுபடி பார்க்கும்போது பென் ஒரு முட்டு முட்டி வீழ்த்துகிறான். அப்புறம் கோபமாக நாலு வார்த்தை. அதற்குள் டூம் வந்துவிடுகிறான், எல்லோரும் சேர்ந்து சண்டைக்குப் போகிறார்கள். 'இட்ஸ் க்ளாபரின் டைம்' (அடித்து நொறுக்கும் நேரம்) என்ற பென்னின் பிரபலமான போர்க்கூச்சலைக்கூட, சின்ன வயதில் அண்ணன் அவனை அடிக்கும்போது சொன்ன வார்த்தையாக மாற்றிவிட்டார்கள். அவனுடைய மகிழ்ச்சியாக இருந்த ஒரே வாசகம் அது. ஸூவை அந்தப் பயணத்துக்கே அனுப்பவில்லை. அலிசியா படத்திலேயே கிடையாது.

மறுபடப்பிடிப்பு நடந்ததும் கண்ணுக்குத் தெரிகிறது. ஸூவாக நடித்த கேட் மாராவின் தலையில் சில காட்சிகளில் டோப்பா இருப்பது பளிச்சென்று தெரிகிறது. வெளியீட்டுக்கு முந்தைய நாள், ஓராண்டுக்கு முன் இதைவிட நல்ல வடிவம் தன்னிடம் இருந்தது என்று ட்விட்டரில் எழுதிய டிராங்க் உடனே அதை நீக்கிவிட்டார். அவருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் நடந்த இழுபறியில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? காணாமல் போனது பென் என்பதுமட்டும் தெரியும்.

ஒரு விஷயத்தில் இந்த ரீபூட்டுக்காகவே வாதாடுவேன். காமிக்ஸில் வெள்ளையனான ஜானியாகக் கறுப்பினத்தவரான மைக்கேல் பி. ஜோர்டன் நடித்ததை எதிர்த்து அப்போது அசிங்கமாகப் பேசினார்கள். கறுப்பினத் தகப்பன், அவர் பெற்ற மகன், தத்தெடுத்து வளர்த்த வெள்ளை மகள். ஒரே குடும்பத்தில் பல நிறம் இருப்பது எங்கள் தீவில் யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி. படத்தில் மிக இயல்பாக அமைந்த உறவே அதுதான்.

2025-இல் மாட் ஷாக்மன் இயக்கி வந்த படம் இரண்டையும்விடக் காமிக்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1960களின் அழகு, குடும்பமாகச் சாப்பிடும் மேசை எல்லாம் அருமை. மார்வெல் தன் கதை உலகங்களுக்கு எண் வைக்கும்; இந்தப் படத்தின் உலகத்துக்கு வைத்த எண் 828. கிர்பி பிறந்தது ஆகஸ்ட் 28, அமெரிக்க முறையில் எழுதினால் 8/28. எபன் மாஸ்-பக்ராக்கின் பென் அன்பானவன், தெருப் பிள்ளைகளுக்குச் செல்லமானவன். ஆனால் அவன் வலி பெரும்பாலும் ஆறிப்போன வலி. மழையில் நின்றவனை அங்கேயும் நான் தேடினேன்.

எதை முதலில் பார்க்கலாம் மாமா என்று தங்கை மகள் கேட்கிறாள். அவளுக்கு நான் சொன்னது: முதலில் 2005, குறைகளோடு. அடுத்து 51-ஆம் இதழ். சாக்கு இன்னும் பத்திரமாக இருக்கிறது. பிறகு 2025. ரீபூட்டையும் பார்க்கவேண்டும் என்றால் அந்த 'ஓராண்டுக்குப் பிறகு' வரும்வரை பார். ஏறக்குறைய பாதிப் படம், நல்ல பாதி.