தவளையின் வயது: உடல் நீளமா, எலும்புக் கோடுகளா?

ஐரோப்பியப் பழுப்புத் தவளையை மூக்கு நுனியிலிருந்து கழிவாய் (கழிவு வெளியேறும் துளை) வரை அளந்து வயதைக் கணிப்பது எளிது. தவளைக்கும் காயம் ஏற்படாது. ஆனால் இனப்பெருக்க வயதை எட்டியபின் வளர்ச்சி வெகுவாகத் தளர்ந்துவிடுவதால், மூன்று வயதுத் தவளையும் ஆறு வயதுத் தவளையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கக்கூடும். இளந்தவளையையும் முதிர்ந்ததையும் பிரித்தறிவதற்கு மேல் நீளத்தை நம்புவது சரியன்று.

எலும்பு முறையில், விரல் நுனியை வெட்டியெடுத்து, அமிலத்தில் சுண்ணாம்புச் சத்தை நீக்கி, மிக மெல்லிய சீவல்களாக்கி, ஹீமடாக்சிலின் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். குளிர்கால உறக்கத்தில் வளர்ச்சி நின்றுபோன ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அடர்ந்த ஊதாக் கோடு, மரத்தின் ஆண்டு வளையம்போல், அங்கே தெரியும். இதிலும் கவனம் தேவை: எலும்பின் உட்புறம் கரைவதால் முதலாண்டுக் கோடு அழிந்துபோகலாம், முதிய தவளைகளில் வெளிக்கோடுகள் நெருங்கி ஒன்றாய்த் தோன்றலாம்.

ஆல்ப்ஸ் மலை உயரங்களில் கோடை குறுகியது. அங்கே தவளைகள் தாமதமாகவே முதிர்கின்றன. தாழ்நிலத்தில் வகுத்த நீள அளவுகோலை அங்கே பொருத்தினால் வயது தவறிவிடும். எனவே ஓரிடத்துத் தவளைக் கூட்டத்தில் எந்த வயதில் எத்தனை உள்ளன என்பதை அறிய எலும்பு முறையையே நான் தேர்வேன். விரலை வெட்டுவது சிறு காயமே ஆயினும் காயம்தான் என்பதால், மாதிரித் தவளைகளில் ஒரு விரல் நுனியோடு நிறுத்திக்கொண்டு, எல்லாத் தவளைகளின் நீளத்தையும் அளந்து பதிவுசெய்ய வேண்டும்.