ஸ்மார்ட் கார்டு புரோகிராமர்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

ஸ்மார்ட் கார்டு புரோகிராமர், அதாவது சிப் கார்டைப் படிக்கவும் அதில் எழுதவும் உதவும் ரீடர், வாங்கும்போது பெரும்பாலோர் பெட்டியின் மேல் அச்சடித்த பட்டியலைத்தான் பார்ப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 7816 (சிப் கார்டுகளுக்கான தரநிலை), டி=0, டி=1 (கார்டும் ரீடரும் பேசிக்கொள்ளும் முறைகள்), யூ.எஸ்.பி. என்று வரிசையாக இருக்கும். இதெல்லாம் இன்றைக்கு எந்த ரீடரிலும் உண்டு. என்னிடம் உள்ளதும் சி.சி.ஐ.டி. (யூ.எஸ்.பி. கார்டு ரீடர்களுக்கான பொதுத் தரம்) வகைதான், விண்டோஸ், லினக்ஸ் எதில் செருகினாலும் தனியாக டிரைவர் கேட்காது. அதைப் பற்றி மேலும் சொல்ல எதுவுமில்லை.

சொல்ல வேண்டியது கார்டு நுழையும் வாயைப் பற்றி. மலிவான ரீடர்களில் கம்பி முனைகள் கார்டின் மேல் உரசிக்கொண்டே போய் சிப்பில் நிற்கும். ஒரே சோதனைக் கார்டை நாள் முழுக்கச் செருகி எடுத்தால், சில மாதங்களில் தங்கப் பூச்சில் கோடு கோடாகத் தெரியும். இதில் அப்படி இல்லை. கார்டு கடைசி வரை போன பிறகுதான் முனைகள் இறங்கி சிப்பில் உட்காருகின்றன. அப்போது ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். சரியாக உட்கார்ந்ததா என்று திரையைப் பார்க்கவே வேண்டாம், விரலுக்கே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், கூடுதலாகக் கொடுத்த பணம் இதற்கே சரியாய்ப் போயிற்று.

ஆனால் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கான படத்தைக் கறுப்பு உடலில் கறுப்பாகவே பொறித்திருக்கிறார்கள். புதிதாக எடுப்பவர் கார்டைத் திருப்பிப் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். திருப்பிப் போட்டால் கார்டுக்கு ஒன்றும் ஆகாது, முனைகள் வெறும் பிளாஸ்டிக்கைத் தொடும், அவ்வளவுதான். மென்பொருளோ ‘கார்டு பதில் தரவில்லை’ என்கிறது. செத்துப்போன கார்டுக்கும் அதே செய்திதான். அப்புறம் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்கு விஷயமும் அரைகுறை. தரவு போய் வரும்போது வேகமாகக் கண் சிமிட்டும், மற்ற நேரம் நிலையாக எரியும். கார்டுக்குள்ளேயே 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவி (மறையாக்கத்துக்கான எண் சாவி) உருவாக்கச் சொன்னால் சிப் பல விநாடிகள் தனியாகக் கணக்குப் போடும். அந்த நேரம் பார்த்து விளக்கு அமைதியாகிவிடுகிறது. வேலை முடிந்தது என்று பக்கத்தில் இருப்பவர் கார்டை உருவிவிடுவார். ஜாவா கார்டு (உள்ளே சிறு நிரல்கள் ஓடும் செயலிக் கார்டு) என்றால் பாதியில் நின்ற பரிவர்த்தனையைப் பழைய நிலைக்கே திருப்பிக்கொள்ளும். தரவை மட்டும் வைத்திருக்கும் சாதாரண நினைவக கார்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

நினைவக கார்டு என்றதும் என் பெரிய புகாருக்கு வருகிறேன். எஸ்.எல்.இ. 4442 என்ற நினைவக கார்டில் இருப்பது 256 பைட். எழுத வேண்டுமானால் 3 பைட் ரகசியக் குறியீடு கொடுக்க வேண்டும். தொடர்ந்து 3 முறை தவறினால் அந்தக் கார்டில் இனி எப்போதும் எழுத முடியாது. படிக்க மட்டும் செய்யலாம். எத்தனை வாய்ப்பு பாக்கி என்ற கணக்கு கார்டிலேயே இருக்கிறது, குறியீடு தராமலேயே அதைப் படிக்கலாம். இருந்தும் கூடவே வந்த மென்பொருள் அதைக் காட்டுவதில்லை. குறியீட்டுக்கு ஒரு கட்டம், கீழே ‘சரி’ பொத்தான், அவ்வளவே. கார்டின் ஆயுளையே முடிக்கக்கூடிய பொத்தானுக்கு ஓர் எச்சரிக்கை வரிகூட இல்லை! அதனால் அந்தக் கணக்கு இருக்கும் பாதுகாப்பு நினைவகத்தைத் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் குறியீட்டைத் தட்டுகிறேன். செயலிக் கார்டுகளுக்கு இந்த மென்பொருளைத் திறப்பதே இல்லை. கட்டளைகளை நேரடியாக அனுப்பி, 90 00 வந்தால் வெற்றி, 69 83 வந்தால் ரகசிய எண் பூட்டிக்கொண்டது என்று பார்த்துக்கொள்வது எனக்கு எளிது.

மின்னழுத்தம் 5, 3, 1.8 வோல்ட் மூன்றும் உண்டு. தானாகத் தேர்ந்தெடுப்பதில் இதுவரை குறை தெரியவில்லை.

சிம் கார்டு வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நானோ சிம்மை முழு அளவு அடாப்டரில் வைத்து உள்ளே விட்டால், வெளியே இழுக்கும்போது சிம் நழுவி முனைகளில் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அடாப்டரின் பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டினால் நழுவாது. தடித்த டேப் வேண்டாம். இந்த வாய் 0.76 மில்லிமீட்டர் கார்டுக்கென்று அளவெடுத்தது, அதற்கு மேல் போனால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.